அமெரிக்காவில் இல்லாத எதிர்க்கட்சித் தலைவர்

அஜின்கோர்ட், ரொறன்ரோ
12.03.1995

என் அன்பு மகள் மயூரிக்கு,

முருகன் கிருபையால் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மருமகன் திலக்சனும் அந்த நோர்வேக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கும்பிடுகிறேன். உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகியும் பதில் போடாததற்குக் கோபிக்காதே பிள்ளை, வேணுமென்றுதான் போடவில்லை, முடிவு தெரியாமல் பேனையைத் தொடுவதில்லை என்று இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. உன் அம்மா பாஸ்! இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

கார்த்திகையில் முதல்தரம் இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்குப் பாடம் எடுத்துக் காட்டித் தோற்றது உனக்குத் தெரியும். ஊரில் இருபத்திரண்டு வருடம் குடியியல் படிப்பித்த என்னைப் பற்றி, ஆசிரியை மட்டுமே பேசினார், பிள்ளைகள் வாயே திறக்கவில்லை என்று மதிப்பிட வந்த வெள்ளைக்காரப் பெண் எழுதிவிட்டுப் போனாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத வகுப்புத்தானே நல்ல வகுப்பு! இரண்டாம் தரமும் தவறினால் ஆசிரியர் சான்றிதழ் இல்லை, பிறகு கடைசிவரை பிஸ்கற் பக்டரியில் பெட்டி ஒட்டுகிற வேலைதான். போதாததற்கு அகஸ்ரின் அண்ணை தன் கடையில் பத்துப் பேருக்கு முன்னால், ரீச்சர், உந்த ஆசையை விடுங்கோ, இஞ்சை எங்கட படிப்பு ஆருக்கு வேணும் என்று சிரித்தார். எனக்குப் பற்றி எரிந்தது. மரவள்ளிக்கிழங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தத்தரம் தந்த பாடம் என்ன தெரியுமோ, அமெரிக்காவின் அரசியல் கட்சிகளும் அரசாங்கத்தில் அவற்றின் பங்கும். கனடாவிலை இருந்துகொண்டு ஏன் அவங்கட கதை என்று அப்பா கேட்டார், இங்கே அதுவும் ஒரு பாடமாம். நூலகத்தில் ஐந்து புத்தகம் எடுத்துப் பஸ்ஸிலும் பக்டரிச் சாப்பாட்டு நேரத்திலும் படித்தேன். உன் தம்பி துஷாந்தைப் பிடித்து இருத்தி அவனுக்குத்தான் முதலில் படிப்பித்தேன், அம்மா, ஸ்லோவாச் சொல்லுங்கோ, உங்களை ஒருத்தரும் பின்னாலை கலைச்சுக்கொண்டு வரேல்லை என்று அவன் என்னைத் திருத்தினான்.

போன மாதம் இருபத்திரண்டாம் திகதி பாடம். கரும்பலகையில் வடிவாகப் படம் கீறினேன், மேலே சனாதிபதி, கீழே கொங்கிரஸ் என்கிற அவர்களின் சட்டசபை, அவருடைய சனநாயகக் கட்சி ஆளும் கட்சியாக ஒரு பக்கம், குடியரசுக் கட்சி எதிர்க்கட்சியாக மற்றப் பக்கம், அதன் உச்சியில் ஒரு பெட்டி போட்டு எதிர்க்கட்சித் தலைவர் என்றும் எழுதினேன். பாராளுமன்றத்தையே இருபத்திரண்டு வருடம் கீறின கை, தன்பாட்டில் கீறிவிட்டது. கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு ஜமேக்காப் பெட்டை கையை உயர்த்தி, மிஸ், போன தேர்தலில் கொங்கிரஸில் கூடுதல் இடம் பிடித்தது குடியரசுக் கட்சிதானே, கூடுதல் ஆட்கள் உள்ளவர்கள் எப்படி எதிர்க்கட்சி, அப்படியென்றால் அரசாங்கம் விழுந்திருக்க வேண்டுமே என்று கேட்டாள். மதிப்பிடுகிறவள் குனிந்து எழுதத் தொடங்கினாள். ஊரில் என்றால், இரு பிள்ளை, அது அடுத்த பாடம் என்று அமர்த்தியிருப்பேன், பிள்ளைகளுக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொள்கிற வழக்கம் எங்களுக்கு ஏது? ஆனால் அந்தப் பெட்டை கேட்டது முழுக்கச் சரி. டஸ்டரை எடுத்துப் பெட்டியை அழித்துவிட்டு, என்னில்தான் பிழை, நான் படித்த பாராளுமன்றத்தை அமெரிக்காவில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், கனடாவில் என்றால் விழும், அங்கே ஏன் விழவில்லை, வாருங்கள் செய்தே பார்ப்போம் என்றேன்.

வகுப்பில் இருபத்தாறு பேர். கேள்வி கேட்டவளையே சனாதிபதியாக்கி என் கதிரையில் இருத்தினேன். மிச்சம் கொங்கிரஸ், பதினான்கு பேர் குடியரசுக் கட்சி, பதினொரு பேர் அவளுடைய கட்சி. நேரமில்லாதபடியால் கொங்கிரஸின் இரண்டு சபையையும் ஒன்றாக்கிவிட்டேன். பள்ளிக்கூடம் பத்து மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று பெரிய கட்சி ஒரு சட்டம் நிறைவேற்றியது, சனாதிபதி கையெழுத்து வைக்க மாட்டேன் என்றாள், பள்ளிக்கூடம் பிந்தி விட்டால் அவளுக்குப் பின்னேர வேலைக்குப் போக முடியாதாம். ஆனாலும் அவளைக் கதிரையால் எழுப்ப ஒருவராலும் முடியவில்லை, அவளுடைய தேர்தல் வேறு, சபையின் தேர்தல் வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அவளுடைய மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு, பதினேழு கை வேண்டும், உயர்ந்தது பதினான்கு. பிறகு மூலைக்கு மூலை பேரம். கடைசியில் அவளுடைய கட்சியிலேயே மூன்று நித்திரைப் பிரியர்கள் மெல்லக் கையை உயர்த்தினார்கள் பார், பதினேழு! சனாதிபதி மேசையில் அடித்துத் துரோகிகள் என்று கத்தினாள். கட்சியை மீறின இவர்களின் இடம் பறிபோகாதோ என்று கேட்டேன், இல்லை மிஸ், அடுத்த தேர்தலில் அவர்களின் ஊர்ச்சனம்தான் அதைக் கேட்கும் என்று ஒரு சீனப் பெடியன் சொன்னான். கட்சி இல்லாவிட்டால் அந்தப் பதினான்கு பேரும் ஒன்றாக நின்றிருப்பார்களோ, கட்சி இருந்தும் இந்த மூன்று பேரை ஏன் மறிக்க முடியவில்லை என்று கேட்டேனோ இல்லையோ, ஆளுக்கு ஆள் ஒரே சத்தம். மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழும்பவில்லை மயூரி, நான்தான் கலைக்க வேண்டி வந்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. கடித உறையை அப்பாதான் உடைத்தார். ஆசிரியை தன் பிழையைக் கையாண்ட விதமே பாடத்தின் மிகச் சிறந்த பகுதி என்று மதிப்பிட்டவள் எழுதியிருந்தாள். அப்பா இரண்டு தரம் வாசித்துவிட்டு, யோகம், நீ பாசடி என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். நான் குழறி அழுதேன், சந்தோசம்தான், நீ பயப்படாதே. சித்திரையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போகிறாவாம், அந்த இடத்துக்கு என்னையே கேட்டிருக்கிறார்கள். நேற்று பக்டரியில் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டில் வெங்காயம் நிறையக் கிடக்க, வெங்காயம் வாங்கவென்று அகஸ்ரின் அண்ணையின் கடைக்குப் போனேன். பாஸ் பண்ணினதைச் சத்தமாகத்தான் சொன்னேன். மனுசன் வெங்காயத்தை நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, ரீச்சர், என்ர மகளுக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்கோவன் என்றார். சரி, அனுப்புங்கோ என்றேன், என்ன செய்வது.

நீ கால் சட்டைக்குள் கம்பளி போடாமல் வெளியே போகாதே, மருமகனையும் வேலைக்குப் போகமுன் ஏதாவது சூடாகக் குடிக்கச் சொல். இரண்டு பேரும் ஒற்றுமையாய், நோய்நொடி இல்லாமல், மனம் நிறைய வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒரு காரியம் செய். ஊரில் கடித உறையில் பெயருக்குக் கீழே உத்தியோகத்தையும் எழுதுவோம் அல்லவா, இங்கே வந்த ஐந்து வருடமும் எனக்கு அந்த இடத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. இனி நீ போடுகிற உறையில் அதைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுது. தபால்காரனுக்கு விளங்காது, பரவாயில்லை, வாசிக்க நான் இருக்கிறேன்.

எந்நாளும் உன் நினைவோடு இருக்கும் அம்மா,
யோகமலர் ஜெயரட்ணம்,
ஆசிரியை