அம்மா எண்ணும் பதினாலு மணி நேரம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
12.3.1991

அன்பு மகள் ரமணிக்கு அப்பா தம்புசாமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெயராஜும் லண்டனில் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கோபத்தில் கிழித்துவிடாமல் முழுவதும் படி அம்மா. போன புதன்கிழமை நான் போன் செய்து அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்றதும், மறுபடியுமாப்பா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. மூன்று வருடத்துக்கு முன் உன் கல்யாணத்தை நிறுத்த, அம்மா சீரியஸ் என்று பொய்த் தந்தி கொடுத்தவன் நான்தானே, நீ பதறிக்கொண்டு வந்து இறங்கியபோது அவள் பாசாரில் மீன் வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தாள், அந்தத் தந்தி விஷயம் அவளுக்கே தெரியாது. இந்த முறை உண்மை. வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்கள், மகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்துவிட்டாள். நான் டிக்கெட் ஆபீசுக்கு ஓடினேன். லண்டன் ஆறாயிரத்து அறுநூறு மைல் அங்கிள், நிக்காம பறந்தா பதினாலு மணி நேரம்லா என்றாள் அங்கிருந்த பெண். நான் ரயிலில் கார்டாக இருந்த காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து சிங்கப்பூர் போய்ச்சேரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அந்தத் தைரியத்தில் வந்து, ரமணி ஏறிட்டா நல்லம்மா, பதினாலு மணி நேரத்துல வந்துருவா என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உடனே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். திறந்து பார்த்த டாக்டர் எல்லா இடமும் பரவிவிட்டது என்று அப்படியே தைத்துவிட்டார். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்கிறார். கண் விழித்ததும் அவள் கேட்டது, மணி என்ன என்பதுதான். விமானம் துபாயில் பழுதாகி நிற்கிறது என்றேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே சொன்னேன். இன்று காலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பிளேன் விழுந்துருச்சா, பிள்ளை போயிட்டாளா, எங்கிட்ட மறைக்கிறீங்களா என்று அழுகிறாள். நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று சத்தியம் செய்தாலும் நம்பவில்லை. நீ புறப்படவே இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இனி நான் போனில் சொன்னால் நீ நம்பமாட்டாய், தபாலில் போட்டால் ஒரு வாரம் ஆகும். பக்கத்து வீட்டுக் கார்த்திகேசுவின் மகள் புஷ்பவல்லி இன்று அங்கே படிக்கப் புறப்படுகிறாள், நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே நேரே வந்து இதைக் கொடுப்பாள். அம்மாவைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள், அவளைக் கேள். டாக்டர் எழுதித் தந்த காகிதமும் உள்ளே இருக்கிறது, நீ நர்ஸ், படித்தால் உனக்கே புரியும், லீவு கேட்கவும் அதைக் காட்டு. காகிதத்தின் பின்னால் வார்டின் போன் நம்பர் எழுதியிருக்கிறேன். முதலில் அதற்குப் போன் செய்து, நான் நல்லாத்தான் இருக்கேம்மா என்று ஒரு வார்த்தை அவள் காதில் சொல். பிறகு ஏறு. வியாழக்கிழமை விமானத்தில் உங்கள் இருவருக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையையும் கட்டாயம் அழைத்து வா.

வந்தபின் நீ என்னோடு பேச வேண்டாம் அம்மா. நேரே கட்டிலருகே போய்விடு, நான் வெளியே வராந்தாவில் இருந்துகொள்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா,
தம்புசாமி