செபஸ்தியாருக்குப் பின்னால் இருந்த மாத்திரை

இயேசு மரி சூசை

மாலத்தீவுப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மகள் அனிதா மேரிக்கு, ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்துச் சக்கரவர்த்தியும், அண்ணன் போனபின் உன்னை வளர்த்தெடுத்த மகா பிரபுவுமான உன் சித்தப்பா எழுதுவது. இங்கே என் நுரையீரலைத் தவிர எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். போனில் பேசினால் உன் சித்தி இன்னாசியம்மாள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் காகிதம்.

மதுரை டாக்டரம்மா தினம் ஒன்று போடச் சொன்ன புற்றுநோய் மாத்திரை இருக்கிறதே, அது கெட்டதை மட்டும் குறிபார்த்து அடிக்குமாம். என் வயிற்றை ஏன் குறிபார்த்தது என்று தெரியவில்லை, முல்லைப் பெரியாற்றில் மதகு திறந்த மாதிரி போனது. நகக்கண் வெடித்தது. இமை முடி வளர்ந்து, நான் கண் சிமிட்டினால் மேகமலையில் மேகம் கலைந்தது. ஆனால் இருமல் ஓடிப்போயிருந்தது, பொறுத்துக்கொண்டேன். அப்புறம் முகமும் நெஞ்சும் சிவந்து கொப்பளித்தன. உன் சித்தி அம்மை என்று தீர்ப்பெழுதிவிட்டாள். மாத்திரையால் வந்ததுடி என்றேன். நெஞ்சுக்குக் குடுத்த மாத்திரைக்கு மூஞ்சில என்ன சோலி, பேசாமப் படுங்க என்றாள். வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்று மாத்திரை டப்பாவை, அம்மைக்குக் காவலரான செபஸ்தியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். ஊரே அவள் பக்கம். அம்மை இறங்கியதென்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும், தழும்பு ஆறட்டும் என்று மாதக்கணக்கில் டப்பாவை எடுக்க விடவில்லை. முகம் தெளிந்தது, இருமல் திரும்பி வந்தது.

மதுரையில் சித்தியை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அது மருந்து பண்ற வேலைங்கய்யா, மருந்து நல்லாக் கேக்குற ஆளுகளுக்குத்தான் பெரும்பாலும் அப்படிக் கொப்பளிக்கும், ஒரு போன் போட்டிருந்தா களிம்பு குடுத்திருப்பேனே என்றார் டாக்டரம்மா. நெஞ்சில் கோலிக்குண்டாக இருந்த கட்டி கொய்யாக்காயாகி, கல்லீரலிலும் பந்தி போட்டு உட்கார்ந்துவிட்டதாம். மறுபடி அதே மாத்திரை. தவக்காலம் முழுக்கப் போட்டேன். வயசுப் பையன் மீசை தேடுவது போலத் தினம் கண்ணாடியில் ஒரு கொப்பளம் தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. போன வாரம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் மருந்து கேட்காது, வேறு மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஊரில் எல்லாரும் என் முகக்களையைப் புகழ்கிறார்கள். யார் வீட்டில் அம்மை என்றாலும் உன் சித்தியிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள், அவளும் ராணி மாதிரிப் போய் வருகிறாள். இந்த அழகு வீணாகக் கூடாது என்று உத்தமபாளையம் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துவைத்திருக்கிறேன், கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குக் கச்சிதமாக இருக்கும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், வேளைக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, அடுத்த தடவை வீடியோவில் வரும்போது, சித்தப்பா மூஞ்சி தெளிஞ்சிருச்சு சித்தி, எல்லாம் உங்க கைராசி என்று சொல்ல வேண்டும். என்னைப் புதைத்த பிறகும் அதையே சொல்ல வேண்டும்.

உன் சித்தப்பா,
ஒரு பருவும் இல்லாத ஆரோக்கியசெல்வம்