டாலினாவின் பின் வரிசை

நெஸ், லூயிஸ் தீவு
திங்கட்கிழமை, விருந்தாளிகள் போன பிறகு

அன்பு மகள் கெனினாவுக்கு,

அட்லாண்டிக் காற்றுக்கெல்லாம் ஜமீன்தாரும், ஒரு நொண்டி ஆட்டு மந்தைக்குச் சக்கரவர்த்தியும், உன்னைப் பெறாமலே வளர்த்த தகப்பனுமாகிய உன் சித்தப்பா பின்லே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் கர்த்தர் கிருபையால் நின்றுகொண்டிருக்கிறோம், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் என்னைத் திட்டிக்கொண்டு. அங்கே கடலுக்கு அப்பால் டனீடனில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும். இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்தத் தீவில் ஒருவரும் நம்பமாட்டார்கள், நீயும் நம்பமாட்டாய் என்று சகல மரியாதையுடன் உறுதி கூறுகிறேன்.

ஊர் ஊராக ஆட்கள் வந்து நம் ஆலயத்தில் கூடும் திருவிருந்து வாரம் ஒருவழியாக முடிந்தது. வியாழன் தொடங்கி இன்று காலைவரை நம் வீட்டில் நாற்பதாயிரம் பேர் தங்கினார்கள், படிக்கட்டுக்கு ஒருவராகப் படுத்தார்கள், ஒரு குண்டுப் போதகரை அலமாரியில் மடித்து வைத்தோம், நான் ஆட்டுக் கொட்டிலில் படுத்தேன், என் குறட்டையைப் பற்றி ஆடுகள் புகார் சொல்லின. எலும்பெல்லாம் கழன்று தனித்தனியாகக் கிடக்கிறது மகளே, கொட்டாவி விடக்கூடத் தெம்பில்லை. உன் சித்தியின் இதயம் பழைய மீன்வலை மாதிரி நைந்துவிட்டது, பெரிய பானையைத் தூக்கக்கூடாது என்று ஸ்டார்னோவே டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதற்கு, அப்போ அவரே வந்து கெழங்கு அவிப்பாரா, கேட்டுச் சொல்லுங்க என்றாள்.

ஆனால் என்னைக் களைப்பாக்கியது விருந்தாளிகள் இல்லை. உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஆலய வாசல்வரைதான் ஒன்றாகப் போவோம். தீவின் மகா பெரிய புளுகனாகிய நான் வெள்ளைத் துணி விரித்த முன் வரிசையில் போய் அப்பமும் திராட்சரசமும் எடுப்பேன், வந்தவர்களுக்கெல்லாம் பொங்கிப்போட்ட உன் சித்தி டாலினா பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். விருந்துக்கு முன்னால் இன்னின்ன பாவிகள் இங்கே வரக்கூடாது என்று போதகர் சொல்லிக்கொண்டே போவாரே, ஒவ்வொன்றும் தன் அளவுக்குத் தைத்த சட்டை என்று போட்டுப் பார்ப்பாள், நாவை அடக்காதவர்கள் என்று வந்ததும் தலை கவிழ்ந்துவிடும். கேட்டால், இந்த வாய் அடங்கட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம் என்பாள். குளித்துச் சுத்தமான பிறகுதான் ஆற்றில் இறங்குவேன் என்கிற இந்த வியாதி நம் ஊரில் பாதிப்பேருக்கு உண்டு, அப்படியே காத்திருந்து கல்லறைக்குப் போனவர்களை நீயும் அறிவாய். டாக்டர் பேச்சுக்குப் பிறகு, அடுத்த வருஷம் என்ற வார்த்தையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவள் இல்லாத முன் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, சபையில் ஒரு கேள்வி வைத்து மூப்பர்கள் எழுந்து பதில் சொல்லும் கேள்வி நாள் அல்லவா, கிருபையில் வளர்கிறவனுக்கும் சும்மா வயசாகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த முறை கேட்டார்கள். நம் வீட்டில் தங்கியிருந்த ஹாரிஸ் தீவு மூப்பர் ஏனியஸ் எழுந்து பொறுமையைப் பற்றிப் பேசினார் பார், கூரையிலிருந்து தேன் சொட்டியது, கடற்பறவைகள் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டன. வீடு திரும்பும் வழியெல்லாம் உன் சித்தி, அவரு பழுத்த மனுஷங்க, நான் இன்னும் பூவே விடல என்றாள். போச்சு, இன்னொரு அடுத்த வருஷம் என்று எண்ணிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் அந்தக் குண்டுப் போதகர் ஜெபித்தார். சூப்பில் பாசி படியும்வரை ஜெபித்தார். எல்லோரும் கண் மூடியிருந்த அந்தப் புனித வேளையில் நம் நாய் கிளென் ஏனியஸின் தட்டிலிருந்த ஆட்டிறைச்சியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றுவிட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த பொறுமைசாலி போட்ட கூச்சலில் சுவர்க் காகிதம் உரிந்து விழுந்தது. நாயைத் திட்டினார், நாயின் முப்பாட்டனைத் திட்டினார், அதோடு விட்டாரா, நாய வீட்டுக்குள்ள விட்டு வளக்குற பொம்பள ஒரு பொம்பளையா என்று உன் சித்தியையும் சொல்லிவிட்டார். அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் உப்புக் கிண்ணத்தைப் பிடித்தபடி பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன், ஒட்டுக்கேட்க அல்ல, கதவைத் தாங்க. ஏனியஸ் எழுந்து அவளிடம் வந்தார். தாயி, மன்னிச்சுக்க, வாலிபத்துல இருந்த அதே கோவந்தான் இப்பவும், ஒரு சொட்டு கொறையல என்றார். அப்பல்லாம் மன்னிப்புக் கேக்க எனக்கு வருஷம் ஆவும், சில பேருகிட்ட அவுங்க கல்லறையிலதான் கேட்டிருக்கேன், இப்போ கெழங்கு ஆறுறதுக்குள்ள வந்துட்டேன், கர்த்தர் என்கிட்ட செஞ்ச வேலை இம்புட்டுத்தான் என்றார். இதையில்ல காலையில எழுந்து சொல்லியிருக்கணும் என்றாள் உன் சித்தி. வெக்கமா இருந்துச்சு தாயி என்றார். வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் பொறுமையப் பத்தி அம்புட்டு நேரம் பேசுனீங்களாக்கும் என்றாள். கிழவர் சிரித்துவிட்டார்.

சாயந்தரம் நாயைக் கட்டாததற்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். கிழி கிழியென்று கிழித்துவிட்டு, என் தேநீர் ஆறுமுன் வந்து, அதிகமாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்றாள். சொன்னவள் கெண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஏங்க, முன்னாடியெல்லாம் நான் ஒரு வாரம் முறைச்சுக்கிட்டுத் திரிவேன்ல என்று கேட்டாள். ஒரு வாரமா, ஒரு தடவை குளிர்காலம் பூராவும் நாயைத் தூது விட்டுத்தான் என்னோட பேசினே என்றேன். அவள் என் தேநீர்க் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள், இன்னும் சூடு ஆறவில்லை.

சனிக்கிழமை, திருவிருந்தில் சேர அனுமதி கேட்டுத் தானாகவே மூப்பர்கள் முன்னால் போய் நின்றாள். ஏம்மா இவ்வளவு காலம் கழிச்சு வர்றீங்க என்றதற்கு, அடுப்புல கெழங்கு இருந்துச்சு என்றாளாம். உங்ககிட்ட என்ன வளர்ச்சி கண்டீங்க என்று கேட்டார்களாம். காட்ட ஒண்ணும் இல்ல ஐயா, ஆனா பசிக்குது என்றாளாம். மூப்பர்கள் அழுத கண்ணீரில் இரண்டு படகுகள் மிதந்ததாகக் கேள்வி.

ஞாயிறு காலை போதகர் அந்தப் பாவிகளின் பட்டியலைத் தொடங்கினார். நாவை அடக்காதவர்கள் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. அப்பம் எடுக்கிறவர்கள் முன் வரிசைக்கு வருவதற்கான சங்கீதத்தைப் பாட ஆரம்பித்தார்கள், பின்னால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் செருப்புச் சத்தம் கேட்டது, அந்தச் சின்ன நடைபாதை அமெரிக்காவுக்குப் போகும் தூரம் நீண்டது.

மகளே, உன் வேலையிலும் வீட்டிலும் கர்த்தர் ஒளியாக இருக்கட்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். காலுக்குக் கம்பளி உறை போடு. சித்திக்குத் தனியாக எழுது, இதயத்தைப் பற்றி மட்டும் கேட்காதே, திட்டி ஒன்று, மன்னிப்புக் கேட்டு ஒன்று என்று இரண்டு கடிதம் போடுவாள். மற்றபடி நாற்பதாயிரம் பேர் என்பது பொய், அலமாரியில் போதகர் பொய், படகுகள் மிதக்கவில்லை, பறவைகள் அழவில்லை, நாய் விஷயத்தில் பாதியை நீயே கழித்துக்கொள். ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். அப்பத் தட்டு வந்தபோது அவள் என் பக்கத்தில் ஒரு துண்டு எடுத்தாள், பாரம் தூக்கக்கூடாதே என்று நான் தட்டின் கீழே கை கொடுத்தேன், இருவருமாகப் பிடித்து அடுத்தவருக்குக் கொடுத்தோம்.

உன் சித்தப்பா,
பின்லே