மெமரி கார்டில் கிளம்பிய பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று உங்களுக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. போன கடிதங்களுக்கும் பதில் இல்லை.

நான் வேலை செய்யும் ரிப்பேர் கடையில் ஒரு வேடிக்கை. இணையம் பார்ப்பதற்கென்றே அந்தக் காலத்தில் விற்ற பெட்டி ஒன்று வந்தது. மெமரி கார்டு போட்டால்தான் கிளம்பும். புதுக் கார்டு எதைப் போட்டாலும் திரை கறுப்பாகவே கிடந்தது. உடைந்த கேமராவில் இருந்த பழைய கார்டில் மென்பொருளை ஏற்றிச் செருகியதும் உயிர் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் போன் வழியாக இணைப்புக் கொடுத்த கம்பெனியை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம். ‘இணைக்கிறது, காத்திருக்கவும்’ என்பதோடு நின்றுவிட்டது.

“அந்தப் பக்கம் எடுக்க ஆளே இல்லம்மா, அணைச்சிடு,” என்றார் முதலாளி.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்,” என்றேன். சிரித்தார்.

கடைக்கு நேரமாகிவிட்டது. என் ஸ்வெட்டரில் ஒரு பித்தான் போய்விட்டது. தையல் டப்பாவில் அதே மாதிரி இருந்தால் உறையில் போட்டு அனுப்புங்கள். கடிதமெல்லாம் வேண்டாம். முகவரியை மட்டும் அண்ணனை எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள் மகள்