அண்ணாவும் இரண்டு மண்டலின்களும்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து வீடெல்லாம் புழுதி. மூன்று தரம் கூட்டியாயிற்று.

பதினொரு மணிக்கு அண்ணா வாடகை வான் பிடித்து வந்து இறங்கினார். கனடாவிலிருந்து, போன தரம் வந்து பத்து வருடத்துக்குப் பிறகு. வந்ததும் கேட்டது "எப்பிடி இருக்கிறாய்" இல்லை. "மண்டலின் எங்க?"

கையில் கறுப்புப் பெட்டி. உள்ளே புத்தம்புது மண்டலின். வேலையிலிருந்து ஓய்வாம், இனி வாசிக்கப் போகிறாராம். திட்டம் இதுதான்: புதியது எனக்கு, பழையது அவருக்கு.

"பழைய மரத்தின்ர நாதம் புதுசுக்கு வராது பிள்ளை. என்ர மண்டலினை நல்லாப் பாத்து வைச்சிருக்கிறாய்."

பார்த்து வைத்திருக்கிறேனாம்! வெளிநாடு போகும்போது கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டுப் போனது. நானாகத் தட்டித் தடவிப் பழகி, முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை பசனைக்கு வாசிக்கிறேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்த நேரம் தையல் மெஷினை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். என்னைக் கட்டிய மனிசன் இன்றைக்கும் அதைச் சொல்லி ஏசும்.

"தரமாட்டேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "சாப்பிடுங்கோ அண்ணை" என்றேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

தண்ணீர் மோட்டர் பழுது. அண்ணா குளிக்க எட்டு வாளி. அள்ளியது நான்.

அவர் புளியங்குளத்துக்குக் கூட்டாளியைப் பார்க்கப் போன நேரம் இரண்டையும் எடுத்து வைத்து ஒரே கீர்த்தனத்தை மாறி மாறி வாசித்துப் பார்த்தேன்.

பழையது: தடிமனில் மூக்கடைத்த குரல். கீழ்த் தந்தியில் நல்ல கனம். வெயில் ஏறினால் சுருதி நழுவும். கழுத்தில் பதித்த மெட்டுக் கம்பிகள் தேய்ந்து, மூன்றாவதில் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் கண்ணை மூடினாலும் விரலுக்கு வழி தெரியும்.

புதியது: பளிச்சென்ற சத்தம். மெல்லத் தொட்டால் போதும். விரல் நுனி நோகவில்லை. ஒரு மணித்தியாலம் வாசித்தும் சுருதி அசையவில்லை. கழுத்து கொஞ்சம் வழுக்குகிறது, அது பழகிவிடும்.

புதியதுதான் நல்லது. எவ்வளவு எரிச்சல்! இதை ஒருவருக்கும் சொல்வதில்லை.

பின்னேரம் அண்ணா கேட்டார், "புதுசு எப்பிடி?"

"தகரத்தில தட்டின மாதிரி. எனக்குப் பிடிக்கேல்லை."

"நான் சொன்னன்தானே! அதுதான் பழசைக் கொண்டு போறன்."

சுத்திச் சுத்திச் சுப்பற்ற கொல்லை: எப்படிச் சொன்னாலும் பழையதில்தான் வந்து நிற்கிறார்.

ஓகஸ்ட் 6, புதன்

மோட்டர் திருத்த வாறன் என்றவன் வரவில்லை. வயலில் வெட்டு மெஷினும் வரவில்லை. மனிசன் வீட்டுக்குள்ளேயே நின்று எல்லாவற்றிலும் குற்றம் பிடிக்கிறது.

அண்ணாவின் நாத ஞானத்தைச் சோதித்தேன். அவரையும் மனிசனையும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கதிரையில் இருக்க வைத்து, இரண்டிலும் ஒரே வரியை வாசித்தேன்.

"ரெண்டாவதுதான் பழசு," என்றார் அண்ணா, கண் கலங்க. "அந்த மரம் கதைக்குது பிள்ளை."

இரண்டாவது புதியது.

"ரெண்டும் ஒண்டுதான். தேத்தண்ணி எப்ப?" என்றது மனிசன்.

புதியதை உயர்த்திக் காட்டினேன். அண்ணா நம்பவில்லை. "நீ பிறகு மாத்தி எடுத்துப்போட்டாய்!" கனடாவுக்குப் போனால் காது கூர்மையாகும் என்று நினைத்தேன். வாய்தான் கூர்மையாகியிருக்கிறது.

ஓகஸ்ட் 7, வியாழன்

மோட்டர் சரி. இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம்.

காலையில் அண்ணா முதல்முறையாகப் பழையதைக் கையில் எடுத்து வாசித்தார். மூன்றாம் மெட்டில் இரைச்சல். திரும்ப வாசித்தார். திரும்பவும் இரைச்சல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஆர் இதை இப்பிடித் தேய்ச்சது? பரவாயில்லை, அங்க ஒரு கடையில குடுத்து எல்லா மெட்டையும் கழட்டிப் புதுசு போடுவம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குசினியிலிருந்து அகப்பையோடு வந்தேன்.

"நீங்கள் விட்டிட்டுப் போகேக்க அதில ஒரு கீறல் இல்லை அண்ணை. தேய்ஞ்சது அவ்வளவும் என்ர விரல். கழட்டி எறியப் போறியளோ?"

அண்ணா தேய்ந்த இடங்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை. என் பக்கம் நியாயம்தான், ஆனாலும் நானே கறிச்சட்டியை நீட்டினேன், வேண்டாம் என்றார். கணவாய்க் கறி மிச்சம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காற்று அடங்கியிருக்கிறது. புழுக்கம்.

பத்து மணிக்கு வான். அண்ணா பழைய மண்டலினை இரண்டு கையாலும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இது உன்ரதான் பிள்ளை. முதலே எனக்கு விளங்கியிருக்க வேணும்."

அழுதுவிட்டேன். அவரும் அழுதார். பிறகு கறுப்புப் பெட்டியைத் தூக்கினார்.

"அப்ப இதை நான் கொண்டு போறன். எனக்கும் வாசிக்க ஒண்டு வேணும். உனக்குத்தான் பிடிக்கேல்லையே, தகரம் எண்டு சொன்னனி."

ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாம். "அண்ணை, அதை வைச்சிட்டுப் போங்கோ." வரவில்லை. நாலு நாள் பழசு பழசு என்று சண்டை பிடித்த வாய், எப்படி வரும்? "கவனமாக் கொண்டு போங்கோ" என்றேன். தவளை தன் வாயால் கெட்டது. வான் ஏ9 வீதியில் ஏறும்வரை பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் பிள்ளையார் கோயில் பசனை. இரண்டாவது பாட்டிலேயே சுருதி இறங்கியது. நிறுத்திக் கூட்டினேன். நாலாவதில் திரும்ப இறங்கியது. மூன்றாம் மெட்டு இரைகிறது. விரல் நுனி நோகிறது.

எப்போதும் என் பக்கத்தில் இருந்து தாளம் போடும் சரசக்காவுக்குக் கதை முழுக்கத் தெரியும். முதுகில் தட்டிச் சொன்னா:

"புதுசை அனுப்பினது நல்ல வேலை. என்ன இருந்தாலும் பழசு பழசுதான், என்ன?"

"ஓம் அக்கா," என்றேன்.