ஃபாஸ்ட் என்றால் இறுக்கிக் கட்டு

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் என் தம்பி பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் உங்கள் கப்பலில் சேர வருகிற புது சமையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விபத்து விசாரணைக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

தம்பியின் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பாதத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. விரலை அசைக்கச் சொல்லி டாக்டர் நிற்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கிறான். நான் ஜன்னலைப் பார்க்கிறேன். இன்னொரு ஆபரேஷன் வேண்டுமாம்.

நேற்று கம்பெனி ஆள் வந்து, நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தை அவன் கட்டிலருகே நின்றே வாசித்தார். கப்பலைத் துறையில் கட்டும்போது நீங்கள் “மேக் ஃபாஸ்ட்” என்று உத்தரவிட்டீர்களாம். பிறகு தமிழிலும் சொன்னீர்களாம். அவன் காதில் வாங்காமல் கயிறு இழுக்கும் வின்ச்சை வேகமாக ஓட்டியதால் கயிறு அறுந்து காலில் அடித்ததாம். சொன்னதைக் கேட்காதவன் என்று முடிவானால் வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை, இனி எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்றார்.

அவர் போனதும் தம்பி, “அக்கா, ஃபாஸ்ட்னா சீக்கிரம்தானே? மாமா அவசரப்படுத்துறாருன்னு நெனச்சேன்” என்றான்.

எனக்கும் அவ்வளவுதான் தெரியும். மாடி வீட்டு டீச்சரிடம் கேட்டேன். தடிமனான அகராதியைப் புரட்டிவிட்டு, “முதல்ல அதுக்கு இறுக்கமா, அசையாமன்னுதான் அர்த்தம். விடாப்பிடியா ஓடுறதைச் சொல்லப்போய், வேகம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு” என்றார். பட்டினி கிடப்பதையும் இங்கிலீஷில் ஃபாஸ்ட் என்கிறார்களே, அதற்கும் அதே வேர்தானாம். வாயை இறுக்கிக் கட்டுவதல்லவா! எங்கள் ஜவுளிக் கடையில் ‘ஃபாஸ்ட் கலர்’ என்று சீட்டு ஒட்டிய துணியை எடுத்துப்போட்டு, சாயம் போகாதுங்க என்று எத்தனை பேரிடம் விற்றிருக்கிறேன்! ஒரு நாளும் யோசித்ததில்லை. முதல் தடவை கப்பலேறியவன் எப்படி யோசிப்பான்?

ஒரே சொல்லில் நில் என்பதும் ஓடு என்பதும் இருந்தால் அது உங்கள் தப்பில்லை, அவன் தப்புமில்லை. ஆனால் விபத்தன்று சாயங்காலம் போனில் நீங்கள் அழுதுகொண்டே சொன்னது எனக்கு மறக்கவில்லை. “கேப்டன் பக்கத்துல நின்னாரு. எப்பவும் போல ‘இறுக்கிக் கட்டுடா’ன்னு சொல்ல வாய் வரல.” இதைத்தான் சொன்னீர்கள். வாக்குமூலத்தில் தமிழ் எங்கிருந்து வந்தது?

துரு சுரண்டுகிற வேலையில் தொடங்கி, ஆபீசர் ஆகப்போகிற நேரத்தில் உங்களுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரியாமலில்லை. வாக்குமூலத்தைப் பற்றி அப்பாவிடம் நான் வாய் திறக்கவில்லை. தம்பியும், “மாமா வேலைக்கு எதுவும் ஆயிடக் கூடாதுக்கா” என்கிறான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கயிறு இழுக்கும் இடத்தில் நிற்காதீர்கள். விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீங்கள் கப்பலிலிருந்து இறங்கும்போதெல்லாம் மகளைத் தூக்கிக்கொண்டு துறைமுக வாசலுக்கு வந்து நிற்பேனே, இந்தத் தடவையும் வரத்தான் ஆசைப்படுகிறேன். என்னை வர வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி