துவைகல்லில் பட்டுத் திரும்பும் பந்து

தங்கசாமியாகிய நான், உன் கணவன், உன்மீது எனக்குள்ள மனக்குறையை முறைப்படி தெரிவிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நனைந்த கால்பந்து ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரத் தோலும் சேறும் கலந்த வாடை வீடெங்கும் நிறைந்துவிட்டது. பந்து சமையலறைக்குள் வரக்கூடாது என்பது நான் வகுத்த விதி. அதை முதலில் மீறியவள் நீ. இப்போது நம் மகள் ஷைனி மீறுகிறாள். கேட்டால், "அம்மா இங்கதான் வைப்பாங்க" என்கிறாள். இல்லாதவளைச் சாட்சிக்கு அழைப்பவளிடம் நான் எப்படி வழக்காடுவது?

நீ கடற்கரை ஊரில் அண்ணன்மாரோடு மணலில் பந்தடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. மாலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்முற்றத்துத் துவைகல்லைக் குறிவைத்து உதைப்பாய். நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் தேய்ந்துபோன கல் அது. அதில் பட்ட பந்து ஒருமுறை கிணற்றடிக்குப் போகும், ஒருமுறை வாழைமூட்டுக்குப் போகும். பெரும்பாலும் நான் நாளிதழ் படிக்கும் நாற்காலிக்கே வரும். "ஏட்டி, கல்ல பாத்துட்டு நிக்காத. பந்து எங்க வருதுன்னு பாரு மக்கா" என்று ஷைனியை விரட்டுவாய்.

நிலத்தை அளந்து கல் நடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தக் கோணல் பொறுக்கவில்லை. "சுவரு நேரா நிக்கும்போது இந்தக் கோணக்கல்லு எதுக்கு?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"நீங்க வயல அளங்க. பந்த எங்ககிட்ட விட்டுருங்க" என்பாய்.

அது ஒரு விடையா? ஒரு பெண் தன் கணவனிடம் காரணத்தை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடாதா?

நீ இறந்துபோன பிறகு ஷைனியின் பயிற்சிப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதை ஒழுங்குபடுத்தினேன். யாரும் துணி துவைக்காத கல்லை ஆள்வைத்து மதிலோரம் தள்ளினேன். வடசேரியில் கனமான பலகை வாங்கி, ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தினேன். உதைக்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்தேன். பந்து அணுவளவும் பிசகாமல் அவள் காலடிக்கே திரும்பி வந்தது. அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. உன் முறையைவிட என் முறை மேலானது என்று நான் கருதியதில் என்ன தவறு?

இன்று பள்ளி அணிக்கான தேர்வு ஆட்டம். மழையில் ஊறிய மைதானம் மேடும் குழியுமாகக் கிடந்தது. அவளுக்கு வந்த பந்தெல்லாம் தரையில் பட்டு விலகி ஓடின. அவள் கால் மட்டும் ஒரே இடத்தில் காத்திருந்தது. வருகிற சனிக்கிழமை இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், அன்றும் இப்படி நின்றால் அணியில் இடமில்லை என்றும் பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பாதி வழியில் கேட்டேன். "வீட்டுல ஒண்ணுகூட விடலையே. இங்க என்ன ஆச்சு?"

"பலகைல அடிச்சா பந்து நான் நிக்கிற இடத்துக்கே வருதுப்பா. கிரவுண்டுல அப்படி வருமா? அம்மா கல்லுல அடிக்க வச்சது அதுக்குத்தான்."

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லல?"

"நீங்க ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு இருந்தீங்க. அப்ப யாரு பேசினாலும் கேப்பீங்களா?"

உன் குரலும் அதே ஏற்ற இறக்கமும். தாயும் மகளும் காரணத்தைப் பங்கிட்டு வைத்துக்கொண்டு, பலகை வாங்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டிருக்கிறீர்கள். இதைவிட எரிச்சலூட்டும் குடும்பத்தை நான் அறியேன். ஆயினும் வீட்டுக்கு வந்ததும் அவள் தன் பூட்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பந்தை மட்டும், நீ வைக்கும் இடத்தில், துடைத்து வைத்தாள். அதனால்தான் அதை நான் எடுக்கவில்லை.

விடிந்ததும் பலகையைக் கழற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்து, துவைகல்லைப் பழைய இடத்துக்கே உருட்டி வருவேன். நேராக இருக்கிறதா என்று பார்க்கமாட்டேன். சுண்ணாம்புக் கோடுகளை அழிப்பேன். பிறகு என் நாற்காலியை எடுத்துவந்து, பந்து அதிகம் வந்து விழுந்த அதே இடத்தில் போட்டு, நாளிதழை விரித்துக்கொண்டு உட்காருவேன்.